ஒன்பது கிலோமீட்டருக்கான கம்பளி

முதலில் அந்த ஜாக்கெட்டைக் கழற்றுங்க அண்ணா. பயப்படாதீங்க, எடுத்துக்கொண்டு ஓட மாட்டேன். ஓடுவதற்கு இந்த ஊரில் எந்தப் பக்கமும் சமதரை கிடையாது. கழற்றுங்க. உள்ளே என்ன? டீ சர்ட். அதற்குள்ளே? பருத்தி பனியன். அடடா. மதுரைதானே? வண்டியை நிறுத்தியதும் கேட்டீங்களே, “ஏப்பா தம்பி, இங்கிட்டு எங்கயும் தீ கீ மூட்டியிருக்காய்ங்களா?” எப்படி, உங்க குரலேதானே? அந்த “இங்கிட்டு”வில் ஒரு இழுப்பு இருக்கிறது. அது பிடிபட்டால் மீதி தானாக வந்துவிடும். சிரிக்கிறீங்க. நல்லது. இந்த ஊரில் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்க அவலாஞ்சிக்குத்தானே போறீங்க, உறைபனியைப் போட்டோ எடுக்க? உங்க வண்டியில் பின்சீட் காலி. அதில் எங்க மாமாவை ஏற்றிக்கொண்டு போய், மணியட்டியில், கேரட் கழுவுகிற செட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் விடணும். ஒன்பதே கிலோமீட்டர். எட்டு மணிக்குள் போயாகணும். எட்டு மணிக்கு அந்தக் கடைக்கார அக்காவை, கோசலை அக்காவை, அவங்க அண்ணன் வேன் வைத்துப் புளியம்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். அடுப்பு, பெஞ்சு, பாத்திரம், எல்லாவற்றோடும். அப்புறம் அக்கா மலையேற மாட்டாங்க.

இப்போது ஆறு ஐந்து. நிறைய நேரம் இருக்கிறதே என்று நினைக்காதீங்க. உங்களுக்கு முன்னால் ரெண்டு வண்டி வந்தது. ஒன்றில் புதுசாகக் கல்யாணமான ஜோடி. பெண்டாட்டியை இறக்கிவிட்டு மாமாவை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று எப்படிக் கேட்பது? அதற்கு முந்தி ஒரு மலையாளத்து அண்ணன். நல்ல மனுஷன், மாமாவை ஏற்றிக்கொண்டு கிளம்பியேவிட்டார். இரண்டாவது வளைவு தாண்டியதும் விரல் விறைத்து, “என்டெ அம்மே, என்னெக்கொண்டு பற்றில்லா”, என்னால் முடியாது என்று திரும்பி வந்து, ஏற்றின இடத்திலேயே இறக்கிவிட்டு ஊட்டிக்குப் போய்விட்டார். மாமா வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த வளைவுக்கு அப்புறம்தான் பள்ளம். பனி அங்கேதான் படுத்துக்கிடக்கும். அதனால் உங்களைச் சரியாகக் கட்டி அனுப்புவது என் பொறுப்பு. இந்தாங்க, கம்பளி பனியன். மாமாவுடையது, துவைத்தது. பருத்தியைக் கழற்றி எறிந்துவிட்டு வெற்று உடம்பில் இதைப் போடுங்க. குத்தும். ஐந்து நிமிஷம் குத்தும், அப்புறம் மறந்துபோகும். அந்தப் பக்கம் திரும்பி நின்று மாற்றுங்க, நான் பார்க்கவில்லை.

நீயே கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே என்கிறீங்க. என்னிடமும் வண்டி இருக்கிறது. ஆனால் மாமா என் பின்னால் உட்கார மாட்டார். பதினோரு நாளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் எப்போதுமே பேசாத ஆள்தான், அதனால் வித்தியாசம் தெரியாது என்று முதல் ரெண்டு நாள் நினைத்தேன். தெரிகிறது அண்ணா.

என் பெயர் மிதுன். பதினெட்டு முடிந்து ரெண்டு மாதம். லைசென்ஸ் இருக்கிறது, காட்டட்டுமா? படிப்பு சுமார். குரல் எடுப்பதில் மட்டும் இந்த வட்டாரத்தில் என்னை அடிக்க ஆளில்லை. ஒரு நாள் பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, “வண்டி போகாதுங்க, எல்லாம் எறங்கி அடுத்த வண்டியில ஏறிக்கங்க” என்று கண்டக்டர் குரலில் சொன்னேன். நாற்பது பேர் இறங்கினார்கள். கண்டக்டரும் இறங்கினார். அம்மா குரலில், “ஏங்க, அந்த நாலு பாத்திரத்தைக் கழுவித்தான் வையுங்களேன்” என்று சமையலறையிலிருந்து சொன்னால் அப்பா எழுந்து வந்து கழுவுவார். அம்மா வந்து பார்த்துவிட்டு, இவருக்கு உடம்புக்கு என்னவோ ஆகிவிட்டது என்று திருநீறு பூசினாங்க. எல்லாம் இப்படி வேடிக்கைதான். யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. நீங்களே சொல்லுங்க, இதில் என்ன கெடுதல்?

போட்டாச்சா? இப்போது இந்த ஸ்வெட்டர். லூஸாக இருக்கிறது என்று பார்க்காதீங்க, லூஸாகத்தான் இருக்கணும். மாமா வாழ்நாளில் முழுசாகச் சொன்ன ரெண்டு மூன்று வாக்கியத்தில் இது ஒன்று: “துணி சூடு குடுக்காதுடா. துணிக்கு நடுவுல மாட்டிக்கிட்ட காத்துதான் சூடு.” காற்றுக்கு மாட்டிக்கொள்ள இடம் வேண்டாமா?

மாமா பெயர் அருணகிரி. அம்மாவுக்குத் தம்பி. முப்பத்தொன்பது வயது, கல்யாணமாகவில்லை, எங்களோடுதான் இருக்கிறார். பேக்கரி வேன் சாயங்காலம் வர்க்கி டின்களை எங்க வீட்டில் இறக்கிவிட்டுப் போகும். வர்க்கி தெரியும்தானே, டீயில் நனைத்துத் தின்பது? மாமா விடியற்காலை நாலரைக்கு அதைப் பைக்கில் கட்டிக்கொண்டு, இந்த ரோட்டில் இருக்கும் டீக்கடைகளுக்கெல்லாம் போட்டுவிட்டு வருவார். பன்னிரண்டு வருஷமாக. ஒரு குளிருக்கும் லீவு போட்டதில்லை. ஆனால் பேச்சு? “ம்க்கும். ம்க்கும். அது வந்து...” அவ்வளவுதான். அதற்குள் எதிரே நிற்பவர் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா, “மாப்பிள்ளை ஏதாவது கேக்கணுமா?” என்றாராம். மாமா ரெண்டாவது தடவை செருமுவதற்குள் அவர், “சரி, கேக்க ஒண்ணுமில்ல போல” என்று எழுந்துவிட்டாராம்.

மார்கழி பிறந்த மூன்றாம் நாள், எங்க வாசற்படியில், இதோ இந்தப் படியில்தான், பனி கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. மாமா டின்னோடு வழுக்கி விழுந்தார். காறை எலும்பு முறிந்துவிட்டது. கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டு, ஆறு வாரத்துக்கு வண்டியைத் தொடக் கூடாது என்றுவிட்டார்கள். வேறு யார் இருக்கிறார்கள்? நான்தான் போனேன். மாமாவின் ஸ்வெட்டர், மாமாவின் ஜெர்கின், மாமாவின் குரங்குக் குல்லா, மாமாவின் வண்டி. கண் மட்டும்தான் என்னுடையது. இந்தப் பனியனை மட்டும் குத்துகிறது என்று போடவில்லை. உங்களை மாதிரி பருத்திதான் போட்டேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொல்கிறேன்.

இங்கே மார்கழி விடியற்காலையில் யாருக்கும் முகம் கிடையாது அண்ணா. எல்லாம் குல்லா, மப்ளர், ரெண்டு கண். ஆளைக் குரலில்தான் கண்டுபிடிக்கணும். அப்படி ஒரு ஊரில் என்னைக் கொண்டுவந்து விட்டால்? நாய் மூக்கில் வெண்ணெயைத் தடவிய மாதிரி, நக்காமல் இருக்க முடியுமா?

முதல் நாள் மணியட்டிக் கடையில் வண்டியை நிறுத்தினேன். கோசலை அக்காவுக்கு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று இருக்கும். கணவர் மஞ்சள் காமாலையில் போய் ஐந்து வருஷம். தனியாகக் கடை நடத்துறாங்க. அடுப்பில் பால் கொதிக்கும், மடியில் ஊசி ரெண்டும் ஓடிக்கொண்டிருக்கும். பச்சைத் தண்ணீரில் கேரட் கழுவ வருகிற பெண்களின் பிள்ளைகளுக்கெல்லாம் குல்லா பின்னிக் கொடுப்பாங்க.

“என்னங்க, இன்னிக்கு நேரமாயிருச்சு?”

“ம்க்கும். ம்க்கும். அது வந்து... வண்டி ஸ்டார்ட் ஆகல.”

சும்மாத்தான் சொன்னேன். குல்லாவைத் தூக்கி “ஈ” என்று காட்டலாம் என்று இருந்தேன். அதற்குள் அக்கா, என்னைப் பார்க்காமல், டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாங்க: “பதினஞ்சு நாளாச்சு. நான் கேட்டதுக்கு ஒரு பதிலையும் காணோம்.”

நான் பேசாமல் நின்றேன். மாமா அப்படித்தான் நிற்பார்.

“ஸ்வெட்டர் ஒண்ணு பின்னித் தரட்டுமான்னுதான கேட்டேன். வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போங்க. தெனமும் இந்தப் பெஞ்சியில ஒக்காந்து டீ கிளாஸையே பாத்துட்டுப் போனா நான் என்னன்னு நெனைக்கறது?”

உறவில்லாத ஓர் ஆம்பளையிடம் ஒரு பொம்பளை ஸ்வெட்டர் பின்னித் தரட்டுமா என்று கேட்டால் அது ஸ்வெட்டரைப் பற்றி இல்லை. அது எனக்கே புரிந்தது. மாமாவுக்குப் புரியாமலா பதினைந்து நாள் முழித்திருப்பார்? அந்த நேரத்தில் குல்லாவைத் தூக்க முடியுமா? நீங்க தூக்கியிருப்பீங்களா? “ம்க்கும்,” என்றேன். “பின்னுங்க.”

அக்கா ஆற்றுவதை நிறுத்திவிட்டாங்க. அப்புறம், “கையத் தூக்குங்க, அளவெடுக்கணும்” என்றாங்க. நாலு துணிக்கு மேலே டேப்பைச் சுற்றி அளவெடுத்தாங்க. அடுப்புக்குப் பக்கத்தில் நிற்க வைத்து. உள்ளே எனக்கு வியர்வை ஆறாக ஓடுகிறது. குல்லாவைக் கழற்ற முடியாது, ஜிப்பை இறக்க முடியாது. டீயை மப்ளருக்குக் கீழே கிளாஸை நுழைத்துக் குடித்தேன், பாதி கழுத்துக்குள் போனது. கடையை விட்டு வெளியே வந்து பள்ளத்தில் இறங்கினேன் பாருங்க. நனைந்த பனியன் அப்படியே ஐஸ் தகடாக முதுகில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பல் தந்தியடித்தது. கம்பளி நனைந்தாலும் சூடு காக்கும், பருத்தி நனைந்தால் கொன்றுவிடும். மறுநாளிலிருந்து குத்தினாலும் பரவாயில்லை என்று இதைத்தான் போட்டேன்.

பேன்ட்டைக் கழற்ற வேண்டாம். இந்த ரெண்டையும் முழங்காலுக்கு ஏற்றிக்கொள்ளுங்க. பழைய ஸ்வெட்டரின் கைதான், வெட்டி வைத்திருக்கிறோம். முழங்கால் விறைத்தால் பிரேக் மிதிக்க வராது.

அன்றைக்குச் சாயங்காலம் மாமாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்தேன் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. கட்டிலில் படுத்திருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கோசலை அக்கா குரலில், “நான் கேட்டதுக்கு ஒரு பதிலையும் காணோம்” என்றேன். துள்ளி எழுந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா என்று உட்கார்ந்தார். முழுசும் சொன்னேன். செருப்பு பறந்து வரும் என்று கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“அவங்க சொன்னத மறுபடி சொல்லு.”

“எதை மாமா?”

“எல்லாத்தையும். அவங்க மாதிரியே.”

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார் அண்ணா. தினமும் அதுதான் வேலையாகிவிட்டது. காலையில் நான் மாமாவாக அங்கே. சாயங்காலம் அக்காவாக இங்கே. இடையில் நான் நானாக இருந்தது பல் விளக்கும்போது மட்டும்தான். அக்கா பின்னிக்கொண்டே பேசுவாங்க: கீழே அண்ணன் வீட்டுக்குக் கூப்பிடுகிறார், அண்ணியும் அண்ணனும் மில்லுக்குப் போனால் பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும், அதற்குத்தான் கூப்பிடுகிறார், எனக்கு இந்தக் குளிர்தான் பிடிக்கும், கீழே போனால் வியர்வையிலேயே செத்துவிடுவேன். நான் வந்து மாமாவிடம் சொல்வேன். மாமா ராத்திரியெல்லாம் யோசித்து, காலையில் டின்னைக் கட்டும்போது ஒரு வரி கொடுப்பார். ஒரே ஒரு வரி. அதை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கால் மணி நேரம் ஓட்டுவது? கொஞ்சம் நானும் சேர்த்துக்கொள்வேன். தமாஷ் எல்லாம் என்னுடையது. கேரட் செட்டு மேஸ்திரி பேசுவது மாதிரி, மாமா குரலுக்குள் மேஸ்திரி குரலை வைத்துப் பேசிக்காட்டுவேன். குரலுக்குள் குரல், எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அக்கா சிரித்துச் சிரித்து ஊசியிலிருந்து கண்ணி நழுவும். “உங்களுக்குள்ள இவ்வளவு இருக்கா? பன்னெண்டு வருஷமா எங்க வெச்சிருந்தீங்க?” என்பாங்க. மாமாவிடம் அதையும் சொன்னேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

ஆனால் ஒன்று. ஒரு நாள் அக்கா சொன்னாங்க, கணவர் குடித்த கண்ணாடி கிளாஸ் ஒன்றை இன்னும் தினமும் கழுவி அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கிறேன், எடுத்துவைக்க மனசு வரவில்லை, அண்ணன் பார்த்தால் பைத்தியம் என்கிறார் என்று. செருமிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் மாமா கொடுத்த வரி: “அத எடுத்து வைக்க வேணாம். பக்கத்துல இன்னொண்ணு வெச்சாப் போதும்.” அதை அப்படியே கொண்டுபோய்ச் சொன்னேன். அக்கா பின்னுவதை நிறுத்திவிட்டு, புகை வந்த மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டாங்க. அப்புறம்தான், “பொங்கலுக்கு எங்கண்ணன் வருது. நீங்க வந்து ஒரு வார்த்த பேசுவீங்களா? நான் இங்க இருக்கறதுக்கு ஒரு காரணம் வேணும்” என்று கேட்டாங்க. அந்த வரி மாமாவுடையது. சத்தியமாக மாமாவுடையது. அதைத்தான் இப்போது யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

மார்புக்கு இந்தப் பேப்பரை வையுங்க. நாலாக மடித்து, ஸ்வெட்டருக்கும் இந்த ஜெர்கினுக்கும் நடுவில். உங்க லெதர் ஜாக்கெட்டா? அது பார்க்க நன்றாயிருக்கிறது. அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளுங்க.

பொங்கலுக்கு முன்னால் நாலு நாள் நான் மாமாவுக்குப் பாடம் எடுத்தேன். உலகத்தில் யாருக்காவது இப்படி ஒரு வேலை வந்திருக்குமா? அருணகிரி மாமா மாதிரி பேசுவது எப்படி என்று அருணகிரி மாமாவுக்கே சொல்லிக்கொடுத்தேன். “மேஸ்திரி ஜோக்கச் சொல்லுங்க மாமா, அங்க ஒரு இழுப்பு இழுக்கணும்.” இழுப்பார். இழவு வீட்டில் பேசுகிற மாதிரி இருக்கும். “நான் பேசுறதே நல்லா இல்லையாடா?” என்று கேட்டார். இல்லை மாமா, நான் பேசுகிற நீங்க இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கீங்க, அவ்வளவுதான் என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்?

காணும் பொங்கலன்று போனோம். அன்றைக்கு என் பின்னால் உட்கார்ந்துதான் வந்தார். அக்கா முந்தின நாளே ஸ்வெட்டரை முடித்து என்னிடம், அதாவது மாமாவிடம், கொடுத்துவிட்டாங்க. அதைத்தான் மாமா போட்டிருந்தார். நாலு துணிக்கு மேலே எடுத்த அளவு அல்லவா, தொடை வரைக்கும் தொங்கியது. அக்கா பார்த்ததும் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. மரியாதைக்காக மாமா குல்லாவைக் கழற்றிவிட்டார். நான் கழற்றவில்லை, பின்னால் நின்றேன்.

அக்காவின் அண்ணன் பழனிவேல், பெஞ்சியில் காலை அகட்டி உட்கார்ந்திருந்தார். “சொல்லுங்க, என்ன விசியமா வந்தீங்க?”

“ம்க்கும்,” என்றார் மாமா.

“ம்?”

“ம்க்கும். அது... அது வந்து...”

நாலு நாள் பாடம் எல்லாம் போய்விட்டது. உதடு ஆடுகிறது, ஒன்றும் வரவில்லை. பழனிவேல் தங்கச்சியைப் பார்த்து, “இதான் அந்த ஆளா?” என்று சிரித்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாங்க. என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை அண்ணா. கண் முன்னால் ஒரு மனுஷன் மூழ்கினால் கையை நீட்ட மாட்டோமா? நான் மாமா குரலில், கணீரென்று, “உங்க தங்கச்சிய எனக்குக் கட்டிக் குடுங்கன்னு கேக்க வந்திருக்கேன்” என்றேன்.

மாமாவின் வாய் மூடியிருந்தது. எல்லாரும் பார்த்தார்கள்.

அக்கா எழுந்து வந்தாங்க. நேராக என்னிடம். குல்லாவைப் பிடித்து ஒரே இழுப்பு. மார்கழியிலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்க்கிறாங்க. “பேசு,” என்றாங்க. நான், “அக்கா, அது” என்று ஆரம்பித்தேன். மாமா குரல் வந்தது. மாற்றிப் பார்த்தேன், கண்டக்டர் வந்தார். இன்னொரு தடவை வாயைத் திறந்தேன், அக்காவுடைய குரலே வந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. அவங்க அதைக் கேட்டதும் ரெண்டு அடி பின்னால் போனாங்க.

மாமாவைப் பார்த்து, “ஸ்வெட்டரக் கழட்டுங்க” என்றாங்க. கட்டுப் போட்ட கை உள்ளே, ஒரு கை வெளியே. மாமா தலைக்கு மேல் தூக்கினார், பாதியில் மாட்டிக்கொண்டது. முகம் உள்ளே, ஒரு கை மேலே, அப்படியே நிற்கிறார். பழனிவேல் தொடையைத் தட்டிச் சிரிக்கிறார். அக்காதான் போய்க் கழற்றினாங்க. நல்ல கோபம். ஆனால் அந்தத் தோளில் துணிகூட உரசாமல், நூல் நூலாக, கால் மணி நேரம் எடுத்துக் கழற்றினாங்க. படக்கென்று இழுத்துப் போட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். எனக்கு அவமானமாக இருந்தது, சீக்கிரம் கிளம்பினால் போதும் என்றிருந்தது.

அன்றைக்கு ஒன்பது கிலோமீட்டரும் மாமா நடந்து வந்தார். நான் பக்கத்தில் முதல் கியரில் உருட்டிக்கொண்டே வந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்கும் நேரம் இருந்தால் நடந்தே போயிருப்பார். அந்த மலையாளத்து அண்ணன் இருட்டில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று சொல்லித்தான் நேரம் போனது.

காலுக்கு ஒரே ஒரு சாக்ஸ், கம்பளி. ரெண்டு போட்டு ஷூவில் திணித்தால் ரத்தம் ஓடாது. கைக்குக் கம்பளிக் கிளவுஸ், அதன் மேலே இந்த ரப்பர் கிளவுஸ். ஆமாம், பாத்திரம் கழுவுகிறதுதான். காற்று நுழையாது. யார் பார்க்கப் போகிறார்கள்?

என் மேல் மட்டும் எல்லாருக்கும் கோபம். மாமா வரி கொடுக்கவில்லையா? தினமும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கவில்லையா? ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் ஒரு மாதம் பேசினார்களே, யாரால்? அதற்கு ஒரு நன்றி கிடையாது.

நேற்று வர்க்கி போடப் போனேன். பதினோரு நாளாக அக்கா கடைக்குக் குல்லா இல்லாமல்தான் போகணும், அது அவங்க கட்டளை. காதைப் பாருங்க, வெந்துபோன மாதிரி இருக்கிறதல்லவா? அக்கா சொன்னாங்க: “நாளையிலருந்து வர்க்கி வேணாம். காலைல எட்டு மணிக்கு எங்கண்ணன் வேன் வருது.” நான் சொன்னேன், அக்கா, அந்தக் கிளாஸ் விஷயம் நான் சொன்னதில்லை, மாமா சொன்னது, மாமாவே யோசித்துச் சொன்னது. அக்கா என்னையே பார்த்தாங்க. “இதையும் நீதான சொல்ற,” என்று ஷட்டரை இறக்கிவிட்டாங்க.

வந்து மாமாவிடம் சொன்னேன், கதவுக்கு வெளியே நின்று. ராத்திரி அவரே அக்காவுக்குப் போன் போட்டார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் போன். “ம்க்கும், நான் அருணகிரி...” அவ்வளவுதான், அந்தப் பக்கத்திலிருந்து, “டேய், இனிமே அந்த மனுசன் கொரல்ல என்னைக் கூப்பிடாத” என்று கட். காலையில் நாலு மணிக்கு ஆட்டோ சேகருக்குப் போட்டார். “டேய் மிதுனு, காலங்காத்தால ஒதை வாங்காத, வெய்யி போனை.” கட். போன வருஷம் ஒரு நாள் இன்ஸ்பெக்டர் குரலில் சேகர் அண்ணனைப் பதினாறு கிலோமீட்டர் வரவழைத்தேன், அது மனசில் இருக்கிறது போல. பால் வண்டிக்காரரும் நம்பவில்லை. எங்க மாமா அவர் குரலில் பேசினால் இந்த மலையில் ஒருத்தரும் நம்புவதில்லை அண்ணா. போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார் பாருங்க ஒரு பார்வை. திட்டியிருந்தாலும் தேவலை.

அப்புறம் தானே உடுத்த ஆரம்பித்தார். ஒற்றைக் கையில். பனியன், ஸ்வெட்டர், பேப்பர், ஜெர்கின். ஒரு மணி நேரம். நான் பிடிக்கப் போனால் தள்ளிவிட்டார். அதனால்தான் ரோட்டில் நின்று வருகிற வண்டியெல்லாம் மறிக்கிறேன். என்னைத் தெரியாத ஆள் வேண்டும். என் குரலைக் கேட்காத ஆள். நீங்க மதுரை.

குல்லாவைப் போட்டு அதன் மேல் ஹெல்மெட். மப்ளரின் நுனி ஜெர்கினுக்குள் போகணும், வெளியே தொங்கினால் காற்று உள்ளே வந்துவிடும். அசைத்துப் பாருங்க. கையைத் தூக்குங்க. குளிர்கிறதா? இல்லைதானே? பள்ளத்தில் மெதுவாகப் போங்க, பாலத்து மேலே பிரேக் பிடிக்காதீங்க, அங்கே தார் மேலேயே பனி உறைந்திருக்கும்.

அதோ, வருகிறார். பார்த்து, படி. சரி, தாண்டிவிட்டார். நீங்களே ஏறச் சொல்லுங்க அண்ணா, நான் சொன்னால் ஏற மாட்டார். நான் வாயைத் திறக்க மாட்டேன். பாருங்க, மப்ளரைச் சுற்றி ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

“தம்பி, கடைக்கு நூறடி முன்னாடியே என்னைய எறக்கி விட்ருங்க. குல்லாவக் கழட்டிட்டு நடந்து போறேன். வர்றது யாருன்னு அவங்க தூரத்துலயே பாத்துக்கட்டும். வேணாம்னா உள்ள போயிருவாங்க. இருந்தாங்கன்னா, நான் பேசி முடிக்கற வரைக்கும் இருப்பாங்க.”

என்னை ஏன் பார்க்கிறீங்க அண்ணா? வாயைப் பொத்திக்கொண்டுதானே நிற்கிறேன்? அவர்தான். இப்போது பேசினது அவர்தான். அம்மா மேல் சத்தியமாக நான் இல்லை.